விதைக்காரர் வீட்டு மீன்கள்

முகம் கழுவுவதற்கு முன்பே தம்பிதுரை குட்டைக்கரைக்கு வந்துவிட்டார். மாசி மாதத்துத் தண்ணீர் தெளிந்து அடிமண் வரை தெரிந்தது. அடியெங்கும் வட்ட வட்டமாகக் குழிகள். சோற்றுத்தட்டு அகலத்தில், ஓரம் உயர்ந்து, நடு வழவழவென்று, யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டுச் செய்ததுபோல இருந்தன. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஒரு மீன் நின்றது. பக்கத்துக் குழிக்காரனைத் துரத்திவிட்டு வந்து, வாயால் மண்ணை அள்ளித் துப்பியது. மறுபடியும் துரத்தியது.

ஜிலேபி மீன் முட்டைக்காகத்தான் இப்படிக் குழி பறிக்கும். சிறுவயதில் சூலூர்க் குளத்து ஓரத்தில் அவரே பார்த்திருக்கிறார். குழி விழுந்த கொஞ்ச நாளில் கரையோரமெல்லாம் கொசுக்கூட்டம் போலக் குஞ்சு மொய்க்க வேண்டும். கார்த்திகையில் ஆரம்பித்தது. தை முழுக்கக் குழிதான் பெருகியது, குஞ்சைக் காணோம். தம்பிதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையைச் சுற்றினார். நின்றார். மறுபடியும் சுற்றினார். குழி பறிக்கிற மீனுக்கும் அவருக்கும் நிம்மதி ஒரே அளவில்தான் இருந்தது.

முந்தின நாள், மகளைக் கட்டிக்கொடுத்த தாராபுரத்துச் சம்பந்தி போனில் பேசியிருந்தார். சம்பந்தி மரியாதை தெரிந்தவர். குஞ்சு எப்போது வரும் என்று கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது என்றார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது என்றார். புதிதாக வெட்டின குட்டையில் முக்கால்வாசிதான் இருக்கிறது என்றார். பேத்தி ரித்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெறுங்குட்டையில் பொரியைத் தூவிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சிரித்தார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம் என்றும் சொன்னார். தம்பிதுரைக்கு மற்றதெல்லாம் பொறுத்தது. அந்தக் கடைசி வார்த்தை பொறுக்கவில்லை.

ஏனென்றால் வாக்குக் கொடுத்தவர் அவர். அதுவும் சபையில்.

அவர்கள் வீட்டுக்கு விதைக்காரர் வீடு என்று பெயர். சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். கம்பு, சோளம், அவரை, கொள்ளு எதுவானாலும் அந்த வீட்டு விதை பொய்க்காது. கேட்டு வந்தவருக்கு முறத்தில் அள்ளிக் கொடுத்தார்களே தவிர, விலைக்குக் கொடுத்ததில்லை. விலைக்கு வாங்கியதும் இல்லை. இப்போது மக்காச்சோளமும் பருத்தியும் பாக்கெட்டில் வருகின்றன. மகன் மோகன்குமார் கடையில் வாங்கிவந்து ஊன்றுவான். அன்றைக்கு மட்டும் தம்பிதுரைக்குக் காந்திபுரத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். பாக்கெட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததை நடக்காததாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியும்.

மீன் குட்டை மருமகள் லோகப்பிரியாவின் ஏற்பாடு. மோகன்குமார் பீளமேட்டில் பம்பு கம்பெனிக்குப் போய்விடுவான். தோட்டத்தைப் பார்ப்பவள் அவள்தான். பண்ணைக் குட்டை வெட்டியதும், போன வைகாசியில் சத்தியமங்கலம் ரோட்டில் இருக்கும் குஞ்சுப் பண்ணைக்குப் போய் ஜிலேபிக் குஞ்சு வாங்கி வந்ததும், வேளை தவறாமல் தீவனம் போட்டதும் அவள். ஐப்பசியில் மீன் அரைக்கிலோவைத் தாண்டியது. வியாபாரி வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போனான். தம்பிதுரை வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமையோடுதான் ரித்திகாவின் காதுகுத்துக்குத் தாராபுரம் போனார். பந்தி நடக்கும்போது சம்பந்தி தாங்களும் குட்டை வெட்டப்போவதாகவும், குஞ்சுக்கு எங்கே சொல்வது என்று பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். தம்பிதுரை இலையிலிருந்து எழுந்துவிட்டார். வந்திருந்த உறம்பரைச் சொந்தங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விதைக்காரர் ஊட்டுல பொண்ணெடுத்துப்போட்டு வெதைய வெலைக்கு வாங்கறதுங்களா? நீங்க தண்ணிய நெரப்பி வைங்க சம்பந்தி. குஞ்சு எங்க குட்டையிலிருந்து வரும். அப்புச்சி ஊட்டுச் சீருன்னு வெச்சுக்குங்க. தை கழியறதுக்குள்ள வந்து சேரும்."

சபை சிரித்துத் தலையாட்டியது. அவருடைய மகள் முகம் மலர்ந்துபோனது. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த லோகப்பிரியா மட்டும் கரண்டியோடு அப்படியே நின்றாள். அது அவர் கண்ணில் பட்டது. ரசம் சுட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும், மிச்சமிருந்த மீன்களில் விதைக்கு விடுவதற்கு அவரே நின்று பொறுக்கினார். கதிரில் பெரிய கதிராகப் பார்த்து ஒதுக்குவதுபோல, நல்ல வளர்த்தியும் நிறமும் உள்ளவையாகப் பார்த்துப் பார்த்து விட்டார். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் லோகப்பிரியாதான். அடுத்த தடவைக்கும் பண்ணையிலேயே குஞ்சுக்குச் சொல்லி வைத்துவிடலாமா என்று அன்றைக்கு மெல்லக் கேட்டாள். அவர் அடுத்த மீனைப் பொறுக்கக் குனிந்தார். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருசம் ஆகியும் வீட்டின் பெயர் தெரியாமல் பேசுகிறாளே என்று மனதுக்குள் கடிந்துகொண்டார்.

குஞ்சு வராததற்கு அவர் காரணம் தேடாத இடமில்லை. பனி என்றார். நாரை என்றார். நாரைக்கு வலை கட்டினார். கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தார். பக்கத்துத் தோட்டத்துச் சுந்தரராஜுலு இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. தினமும் பொழுது விடிந்ததும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

"ஏனுங் கவுண்டரே, சோறு போட்டு, காவலும் போட்டு, நீங்களும் விடியவிடியக் கரையிலேயே நின்னா அதுக எப்படிங்க குடித்தனம் பண்ணும்? கொஞ்சம் அக்கட்டப் போங்க. கூச்சப்படுதுகளாட்ட இருக்குது."

சுந்தரராஜுலு சொன்னதைக் கேட்டு டீக்கடையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் தம்பிதுரையும் சிரித்திருப்பார். அன்றைக்குச் சம்பந்தியின் போன் வந்த மறுநாள். சுந்தரராஜுலு போன வருசம்தான் வேலியோரம் கோழிக்கொட்டாய் போட்டிருந்தார். தம்பிதுரைக்குச் சட்டென்று பொறி தட்டியது. கோழிக்கு ஏதேதோ மருந்து கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கொட்டாய் கழுவுகிற தண்ணீர் தன் குட்டைக்குள் இறங்குகிறது, அதில் இருக்கிற மருந்துதான் மீனை மலடாக்குகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தவன் வம்சத்தில் மண் போடுகிற கை என்றும் சொன்னார்.

சுந்தரராஜுலு பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து குடிக்கிற டீ தம்பிதுரைக்கு இறங்கவில்லை. சொன்னதை மெய்யாக்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. மீனைக் கொண்டுபோய் அந்தக் குஞ்சுப் பண்ணைக்காரர்களிடமே காட்டி, மருந்துதான் என்று அவர்கள் வாயால் சொல்லவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூடி போட்ட பெயின்ட் வாளியில் ஒரு மீனைப் பிடித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். காந்திபுரத்தில் மாறும்போது வாளி ததும்பி ஒரு கல்லூரிப் பையனின் பேன்ட் நனைந்தது. சத்தியமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர் வாளியைக் காட்டி, உள்ளே இருக்கிறவருக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார். தம்பிதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழி நெடுக மீன் வாளிச் சுவரில் மோதிக்கொண்டே வந்தது. மடியில் வைத்திருந்த அவருக்கு அது தன் வயிற்றுக்குள் மோதுவதுபோல இருந்தது.

குஞ்சுப் பண்ணையில் இருந்தவள் இல்மா என்ற இளம்பெண். மீன்வளம் படித்துவிட்டு அங்கே வேலை பார்க்கிறாள். விதைக்காரர் வீடு, லோகப்பிரியாவின் மாமனார் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். ஈரத்துணியில் மீனைப் பிடித்து மல்லாக்கத் திருப்பி, வாலுக்கு முன்னால் விரலால் நீவி, இங்கே பாருங்கள் என்று காட்டினாள். தம்பிதுரை வேறு பக்கம் பார்த்தார். ஒரு சின்னப் பெண் காட்டி ஓர் ஆண்பிள்ளை பார்க்கிற சமாச்சாரமா அது?

"இது ஆணுங்க ஐயா. நல்லா ஆரோக்கியமா இருக்குதுங்க."

"சேரி அம்மணி. பொட்டை எப்படி இருக்கும்னு சொல்லிப்போடு. ஊட்டுல போய்ப் பார்த்துக்கறேன்."

"உங்க குட்டையில பார்க்க முடியாதுங்க. இங்கிருந்து போனது அத்தனையும் ஆணுதானுங்களே."

ஆண்டவன் படைப்பில் அத்தனையும் ஆணாகப் பிறக்கிற சாதி எது என்று தம்பிதுரை கேட்டார். இல்மா சிரிக்கவில்லை. பிறக்கும்போது பாதிக்குப் பாதிதான் என்று பொறுமையாகச் சொன்னாள். முட்டையிலிருந்து வந்து, மஞ்சள் கரு தீர்ந்து, குஞ்சு முதல் முதலாக வாய் திறந்து தின்கிற நேரத்தில், ஆணாவதா பெண்ணாவதா என்பதை அதன் உடம்பு இன்னும் முடித்திருக்காது. அந்த மூன்று நான்கு வாரம் தீவனத்தில் ஆண் ஹார்மோனைத் துளி கலந்து ஊட்டினால், பெண்ணாக வேண்டியதும் ஆணாகவே உருவெடுத்துவிடும். அப்புறம் நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். மருந்து செய்துவிட்ட காரியம் மட்டும் போகாது. சாகிற வரைக்கும் அந்த மீன் ஆண்தான்.

"இப்ப இந்தப் பெரிய மீனுக்கு அதே மருந்தைக் கூடை கூடையாக் கொட்டுனாலும் ஒண்ணும் மாறாதுங்க. அந்த மொத நாளுகள்ல குடுக்கறதுதான் நிக்கும்."

எதற்காக இந்தக் காரியம் என்று கேட்டார் தம்பிதுரை. குரல் அவருக்கே சன்னமாகக் கேட்டது. பெண் இருந்தால் மாதாமாதம் பெருகும் என்றாள் இல்மா. முட்டையை வாயில் போட்டுக்கொண்டு தாய் தின்னாமல் கிடந்து இளைக்கும். குஞ்சு பெருகிப் பெருகிக் குட்டை முழுக்க விரல் நீள மீனாகிப் போகும். தீவனம் போட்டவருக்கு ஒன்றும் மிஞ்சாது. பெருகாமல் இருப்பதால்தான் அரைக்கிலோ வருகிறது. அவர் சொன்ன கோழிக்கொட்டாய்த் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப அந்தக் குழி?"

"குழி பறிக்கறது ஆணு வேலைங்க ஐயா. பொண்ணு வந்து முட்டையிடும்னு பறிச்சு வெச்சுட்டுக் காவல் நிக்கும்."

தம்பிதுரை வாளியையே பார்த்தார். கார்த்திகையும் மார்கழியும் தையும் அவர் கரையில் நின்றார், மீன்கள் அடியில் நின்றன.

"மருமக உங்ககிட்டச் சொல்லலீங்களா? எல்லாம் ஆணாவே வேணும்னு அவங்கதானுங்க கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல அவ்வளவு வெவரமாக் கேக்கறவங்க கம்மி" என்று இல்மா நல்லதாக நினைத்துச் சொல்லி வைத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. மருமகளுக்குத் தெரியும். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தெரியும். பூசணிக்காய் உடைத்தபோதும் தெரியும். தெரிந்துகொண்டே தன்னை ஊர் சிரிக்கவிட்டாள் என்று கோவை வரைக்கும் கொதித்தார். சூலூர் வந்து இறங்கும்போது கேட்க வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தன.

லோகப்பிரியா குட்டைக்கரையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் கையில் வாளியையும், வேட்டியெல்லாம் ஈரத்தையும் கண்டதும் தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா அம்மணி?"

எது என்று அவள் கேட்கவில்லை. "தெரியுமுங்க மாமா."

"சபையில நான் எந்திரிச்சு நின்னப்பவும்?"

"தெரியுமுங்க. அத்தனை ஒறம்பரைக்கு முன்னால மாமா, அதெல்லாம் ஆணுங்க, பெருகாதுங்கன்னு மருமக குறுக்க பேசியிருந்தா அது இதைவிட மானக்கேடு ஆயிருக்குமுங்க."

"அப்புறம்? ஊட்டுக்கு வந்தப்புறம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். மோகன்குமாரைச் சொல்லச் சொன்னதாகவும், அவர் சிரித்துக்கொண்டு நீயே சொல் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அவர் வீட்டில் அவள் அப்படி நிமிர்ந்து பார்த்து அவருக்கு ஞாபகம் இல்லை.

"எப்படிங்க மாமா சொல்றது? ஆணு, பொட்டை, முட்டைன்னு உங்க முன்னால நின்னு நான் பேசற ஊடுங்களா இது? நான் மாசமா இருக்கறதையே அத்தைதான் உங்ககிட்டச் சொன்னாங்க. எனக்குக் காய்ச்சல்னாலும் அத்தைகிட்டத்தான் கேப்பீங்க. அத்தை போனதுக்கப்புறம் உங்களுக்கும் எனக்கும் நடுவுல பேச்சக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு ஆளு இல்லீங்க. நீங்க கரையைச் சுத்தும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால நின்னு நின்னுதான் திரும்பிப் போனேன்."

சமையலறைக்குள் தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று செருமி, அவள் விலகின பிறகு எடுத்துக் குடிக்கிறவர் தம்பிதுரை. அதை மரியாதை என்றுதான் வைத்திருந்தார். அவளும் மரியாதை என்றுதான் வைத்திருந்தாள். வாளி மூடியைத் திறந்து மீனைக் குட்டைக்குள் விட்டார். அது நேராகத் தன் குழியைத் தேடிப் போயிற்று.

சாயங்காலம் மோகன்குமார் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்குப் போய் இவ்வளவா என்றான். நாளைக்கே அதே பண்ணையில் குஞ்சு வாங்கலாம். பிளாஸ்டிக் பையைப் பிரித்து நம் வீட்டுப் பித்தளை அண்டாவில் ஊற்றித் தாராபுரம் கொண்டுபோய் இறக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். "மீனு முதுகுல ஊட்டுப் பேரா எழுதியிருக்குதுங்கப்பா?"

தம்பிதுரை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் நிலை இல்லை. வாக்குத் தப்பிப் போனால் மகள் அந்த வீட்டில் தலை குனிய வேண்டும். பொய் சொன்னால் விதைக்காரர் வீட்டுப் பெயரில் விலைக்கு வாங்கினது போகும். இரண்டில் எது தன் வீட்டுக்குப் பெரிய இழிவு என்று எடை போட்டுக்கொண்டே இருந்தார். தராசு நிற்கவில்லை. மறுநாள் காலையில், அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வைக்கும்படி பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். லோகப்பிரியா துலக்கினாள்.

அண்டா ஏற்ற வண்டி வேண்டும். வாடகைக்குச் சொல்கிறேன் என்றான் மோகன்குமார். தம்பிதுரை அவனை இருக்கச் சொல்லிவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு சுந்தரராஜுலுவின் தோட்டத்துக்குப் போனார். சுந்தரராஜுலு கோழிக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். தம்பிதுரை கயிற்றுக்கட்டிலில் தானாகவே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். பகை உள்ள வீட்டில் தண்ணீர் கேட்கிற வழக்கம் இல்லை. சுந்தரராஜுலுவுக்கு அது புரிந்தது. சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எங்க ஊட்டுத் தண்ணியில மருந்து இருக்குமுங்க."

"இருக்கட்டும் நாயுடு. குடு."

குடித்து முடித்துவிட்டு, தாராபுரத்துக்குப் பிக்கப் வண்டி வேண்டும், வண்டியோடு நீயும் வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்ட மன்னிப்பு. சுந்தரராஜுலு அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்பின அன்று பிக்கப்பின் பின்னால் அண்டாவில், பண்ணையில் வாங்கின குஞ்சு தளும்பியது. மோகன்குமாரும் லோகப்பிரியாவும் காரில் பின்தொடர்ந்தார்கள். பல்லடம் தாண்டும்வரை தம்பிதுரை வாய் திறக்கவில்லை. குண்டடம் பக்கம் வந்தபோது முதல் வாரங்களின் மருந்திலிருந்து கண்டக்டர் கேட்ட அரை டிக்கெட் வரை எல்லாம் சொல்லி முடித்தார். சுந்தரராஜுலு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உங்க ஆத்தாவும் பொறந்த மொத வாரத்துல உங்களுக்கு என்னமோ ஊட்டியிருக்காங்க கவுண்டரே. இந்த வயசுலயும் மீசை மடங்க மாட்டேங்குது." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது சேரி. அப்ப எதுக்குங்க அண்டா?" என்று கேட்டார்.

தம்பிதுரை ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

தாராபுரத்தில் குட்டைக்கரைக்கே ஆரத்தி வந்துவிட்டது. சம்பந்தியின் பங்காளிகள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள், பெண்கள், குழந்தைகள் என்று முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ரித்திகா ஓடிவந்து அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, அப்புச்சி அப்புச்சி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் புதுச்சேலை கட்டியிருந்தாள். சம்பந்தி எல்லோரையும் பார்த்து உரக்கச் சொன்னார்: இது சூலூர் விதைக்காரர் வீட்டு விதை. இனி ஒருத்தரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. வருசா வருசம் தானாகப் பெருகும். அடுத்த தைக்கு இதோ இந்த மூன்று பங்காளி வீட்டுக் குட்டைக்கும் நானே குஞ்சு கொடுக்கிறேன், இது என் வாக்கு.

தம்பிதுரை சம்பந்தியைப் பார்த்தார். அதே சபை. அதே வாக்கு. அடுத்த மாசியில் இந்த மனிதர் இந்தக் கரையைச் சுற்றிக்கொண்டிருப்பார். யாராவது சிரிப்பார்கள். இவர் யார் மேலாவது பழி போடுவார். தராசு அப்போது நின்றது.

"சம்பந்தி, அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்குங்க. இது பெருகாதுங்க."

சம்பந்திக்கு விளங்கவில்லை. ஆரத்தித் தட்டு பாதியில் நின்றது. காரிலிருந்து இறங்கின மோகன்குமார், அப்பா என்று ஓர் அடி முன்னால் வந்தான். தம்பிதுரை அவனைப் பார்க்கவில்லை.

"இது எங்க ஊட்டு வெதையும் இல்லீங்க. பண்ணையில வெலைக்கு வாங்குனது. அண்டா மட்டுந்தான் எங்க ஊட்டுது."

பங்காளிகளில் ஒருவர், வாய்த்துடுக்குக்காரர், பக்கத்தில் இருந்தவரை இடித்தார். "அப்ப விதைக்காரர் ஊட்டு மீனுக்கு வெதையே இல்லைங்களா?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சுந்தரராஜுலு வண்டிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு இறங்கினார். தம்பிதுரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முதுகு வளையாமல், கேட்டவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இல்லீங்க."

சிரிப்பு நின்றது. சம்பந்தி மெல்ல, இது எதனால் என்று கேட்டார். தம்பிதுரை சொல்ல வாயெடுத்தார். மூன்று வாரம், தீவனம், ஹார்மோன், ஆண் என்று பஸ்ஸிலும் வண்டியிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எல்லாம் இருந்தது. எதிரில் மகளும் சம்பந்தி அம்மாளும் நிற்கிறார்கள். நாக்கு எழவில்லை. எழுபத்து மூன்று வயதில், இத்தனை மாதம் இன்னொருத்தி தொண்டையில் என்ன இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"லோகப்பிரியா அம்மணி" என்று கூப்பிட்டார். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது கேட்டு மகளே நிமிர்ந்து பார்த்தாள். "இங்க வா. சம்பந்திக்கு வெவரம் சொல்லு."

அவள் பெண்கள் பக்கமிருந்து வந்தாள். கணவனைப் பார்த்தாள்; மாமனாரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குரலே எழாமல், குஞ்சு பொரிந்த முதல் நாட்களைப் பற்றி ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டினார்கள்.

"சத்தமாச் சொல்லு" என்றார் தம்பிதுரை. "எல்லாருக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னாள். ஆண் என்றாள், பெண் என்றாள், முட்டை என்றாள். ஏன் பெருகக் கூடாது, பெருகினால் குட்டை என்ன கதிக்கு ஆகும், ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்கு எங்கே சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். கேலி பேசின பங்காளியே குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார்; இரண்டுக்கும் பதில் வந்தது. தின்கிறவர்களுக்கு அந்த மருந்து ஏதும் செய்யுமா என்று சம்பந்தி அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். விற்கிற அளவுக்கு வளர்வதற்கு எத்தனையோ மாதம் முன்பே அது உடம்பை விட்டுப் போய்விடும் என்று லோகப்பிரியா அவளுக்குத் தனியாக, நிதானமாக விளக்கினாள்.

மருமகள் இப்படிப் பேசுகிற இடத்தில் மாமனார் நிற்பது முறையில்லை. விலகிப் போக வேண்டியவர் அவர். வேலியோரம் நிழல்கூட இருந்தது. தம்பிதுரை போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காது மடல் சிவக்க, கடைசி வரைக்கும் அங்கேயே நின்றார்.

பேச்சு முடிந்ததும் பையன்கள் அண்டாவைச் சாய்க்கப் போனார்கள். லோகப்பிரியா ஓடிவந்து தடுத்தாள். இந்தத் தண்ணீர் வண்டியில் வந்து சூடேறிக் கிடக்கிறது, அப்படியே கொட்டினால் குஞ்சு தாங்காது. குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மொண்டு ஊற்ற வேண்டும் என்றாள். சொம்புக்காகச் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

சொம்பு தம்பிதுரைக்குப் பக்கத்தில் ஆரத்திக்காரர்களிடம் இருந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குட்டைக்குள் இறங்கினார்.

"எத்தனை சொம்புங்க ஊத்தறது?" என்று மருமகளிடம் கேட்டார்.